சிவப்புத் துணி கட்டிய மரம்

துவாரகா அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து ஆறு கிழமையாகியும் மௌனம் அகப்படவில்லை. "மலையகப் பெண்களும் மௌன எதிர்ப்பும்" என்று யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே ஆய்வுக்குத் தலைப்புப் போட்டு, பேராசிரியர் சிற்றம்பலத்திடம் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. ஆனால் பூனாகலைப் பாதையில் அவள் தங்கியிருந்த தொழிலாளர் லயத்தில் மௌனமாக இருக்கிற பெண் ஒருத்திகூட இல்லை. விடியற்காலையில் தண்ணீர்க் குழாயடியில் தொடங்குகிற பேச்சு மலையேறி, சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற இடம் வரை ஓயாது. இப்படியே போனால் தலைப்பைத்தான் மாற்ற வேண்டிவரும் என்று அவளுக்குக் கவலை பிடித்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் மரம் கண்ணில் பட்டது.

பதினோராம் நம்பர் மலைக்குப் போகிற வழியில் ஒரு பெரிய வாகை. அடிமரத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. சளசளவென்று பேசிக்கொண்டு வந்த பெண்கள் மரத்துக்கு இருபதடி முன்னாலேயே சட்டென்று வாயை மூடினார்கள். தலையில் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்தபடி, பாதையின் மறு ஓரமாக நழுவினார்கள். வளைவைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு மறுபடி தொடங்கியது.

துவாரகாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்று பின்னேரமே, தனக்கு இடம் கொடுத்திருந்த இராக்கம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த மரத்தில என்ன இருக்குது?"

"அது இருக்கு மிஸ்." இராக்கம்மா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டே குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பக்கம் போயிறாதீங்க."

"வெளி ஆக்கள் போகக்கூடாதோ?"

"யாருமே போகக்கூடாது. சத்தம் ஆகாது, பொகை ஆகாது. சென்ட் வாசன சுத்தமா ஆகாது."

"போனால்?"

"எறங்கிரும். போன மாசம் நம்ம நிஷாந்தினி மேல எறங்கி, பாவம், மூணு நாளு காய்ச்சல்ல கெடந்தா."

துவாரகா பக்கம் பக்கமாக எழுதினாள். பெயர் சொல்லப்படாத தெய்வம். தூய்மை விதிகள். மேலே இறங்குதல். ஒன்றும் குறையவில்லை.

பேராசிரியருக்குப் படங்களை அனுப்பினாள். அடுத்த நிமிடமே தொலைபேசி அடித்தது. "பிள்ளை, இதை இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதேல்லை! நான் நேரில வாறன்."

சனிக்கிழமை காலை பண்டாரவளையிலிருந்து வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை. அவர் இறங்குமுன் அவருடைய வாசனை இறங்கியது. கையில் ஒரு கட்டு ஊதுபத்தி.

"சேர், அங்க கிட்டப் போகக்கூடாது எண்டு சொல்லினம்."

"பங்குபற்றிப் பார்க்கிறதுதான் எங்கட துறை, பிள்ளை. தூர நிண்டு பார்க்கிறதெண்டால் நான் பைனாகுலர் கொண்டு வந்திருப்பன்."

மரத்தடியில் உட்கார்ந்து ஊதுபத்தியைப் பற்றவைத்தார். மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கங்காணி முருகையா கையை வீசிக் கத்தினார்: "சார்! வேணாம் சார்! எந்திரிங்க!"

"பார்த்தீரா," என்றார் பேராசிரியர் பூரிப்போடு, "காவல் மரபும் இருக்குது. எழுதிக்கொள்ளும்."

புகை மேலே போனது. கிளைகளுக்குள்ளிருந்து ஓங்காரம்போல ஒரு ரீங்காரம் எழுந்தது. எந்தச் சாமியையும் நம்பாத துவாரகா, தன்னையறியாமல் கைகூப்பினாள். அப்போது பேராசிரியர் எந்தக் கோட்பாட்டிலும் இல்லாத ஒரு குரலில் "ஐயோ அம்மா!" என்று அலறினார்.

"குளவி! குந்துங்க மிஸ், ஆடாதீங்க!" இராக்கம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துக்கொண்டே சரிவில் ஓடிவந்தாள். அந்தத் தடித்த ரப்பர்ச் சீலையைப் பேராசிரியர் தலையில் போர்த்தி, கொழுந்துச் சாக்கை இழுப்பதுபோல அவரை இழுத்துக்கொண்டு போனாள். கொழுந்து லொறியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். பதினொரு கொட்டு. உயிருக்கு ஆபத்தில்லை, இரண்டு நாள் இருக்கட்டும் என்றார் டாக்டர். துவாரகாவுக்குக் காதில் ஒன்றே ஒன்று.

லயத்துக்குத் திரும்பியதும் இராக்கம்மா அவள் காதில் சுண்ணாம்பு தடவினாள்.

"ஏன் அக்கா குளவி எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"செவப்புத் துணி கட்டியிருந்தா குளவின்னு சின்னப் புள்ளைக்கும் தெரியுமே மிஸ். நாங்க மூணு தடவ ஆபீசுல சொல்லியும் யாரும் வந்து குளவிக் கூட்ட எடுக்கல. நீங்க பக்கம் பக்கமா எழுதுனீங்களா, சரி, மிஸ் நமக்காக மனு எழுதுறாங்கன்னு நெனச்சிக்கிட்டோம்."

துவாரகாவுக்குக் காதைவிட முகம் எரிந்தது. அந்த மரத்தை நாற்பது படம் எடுத்தவள், நிஷாந்தினிக்கு எதனால் காய்ச்சல் வந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

மறுநாள் காலையிலேயே முகமூடியும் கையுறையுமாக நாலு பேர் வந்தார்கள். தோட்டத்தை நிர்வகிக்கிற பெரிய துரையே பக்கத்தில் நின்றார். பேராசிரியரைக் குளவி கொட்டியது பேப்பரில் வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். மத்தியானத்துக்குள் கூடு இல்லை.

சாயந்தரம் ஐந்தாறு பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். சிவசக்தி என்பவள்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"சார் எப்படி இருக்காரு மிஸ்?"

"இப்ப பரவாயில்லை." துவாரகாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"நல்லாயிட்டாருன்னா திரும்ப இங்கிட்டு வருவாரா?" சிவசக்தி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "கீழ ஆத்துப் பாலத்துல நாலு பலக இல்ல மிஸ். புள்ளைங்க அது வழியாத்தான் ஸ்கூலுக்குப் போகுதுங்க. ரெண்டு வருஷமாச் சொல்றோம். சார் ஒருக்கா அதுல நடந்தாப் போதும்."

துவாரகா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வெட்கத்தை விட்டு ஆஸ்பத்திரிக்கே அழைத்து, பெண்கள் கேட்டதை அப்படியே சொன்னாள்.

"விழுந்தால் எவ்வளவு ஆழம்?" வீங்கிய உதட்டோடு கேட்டார் பேராசிரியர்.

துவாரகா தொலைபேசியைப் பொத்திக்கொண்டு விசாரித்தாள். "இடுப்பளவு தண்ணியாம் சேர்."

"அப்ப செவ்வாய்க்கிழமை வாறன். படம் எடுக்க ஒரு ஆளை வைச்சிரும். அந்தத் துரைக்கும் ஒரு சொல்லுச் சொல்லிவிடும்."