ஷூ விலக்கு மனு

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றவர்களைத் திட்டுவதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைப்பீர்கள். நான் பாலாம்பாள். புனேயில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவு சூப்பிரண்டெண்ட். பாலாம்பாள் மேடம் எழுதிய நோட்டில் ஒரு கமாவைக்கூடக் குறை சொல்ல முடியாது என்று மராத்திக்காரர்களே சொல்வார்கள். அந்தப் பெயரில் எனக்குத் திமிரும் உண்டு.

இரண்டாயிரத்து மூன்றில், மழை பிடித்துக்கொண்ட ஜூன் மாதம், டெல்லியிலிருந்து ஒரு புது டைரக்டர் மாற்றலாகி வந்தார். வந்த மூன்றாம் நாள் லிஃப்ட்டில் டெஸ்பாட்ச் கிளார்க் ஒருவன் ஹவாய் செருப்பும் சுருட்டிவிட்ட பேண்ட்டுமாக அவர் எதிரே நின்றுவிட்டான். கொட்டுகிற மழையில் வேறு எப்படி வருவான்? மறுநாளே சர்க்குலர். ஆண்களுக்கு உள்ளே செருகிய சட்டை, கறுப்பு ஷூ. பெண்களுக்குப் புடவை, இல்லையென்றால் துப்பட்டாவோடு சல்வார். பியூன்களுக்கு அரசு கொடுத்த யூனிஃபார்ம், அரசு கொடுத்த கறுப்பு ஷூ. கேட்டில் ஒருவன் ரிஜிஸ்டரோடு உட்காருவான். செருப்போடு வந்தால் அரை நாள் லீவு போகும், லீவு பாக்கி இல்லாதவருக்கு ஆப்சென்ட். யூனியன்காரர்கள் கேன்டீனில் சாய் குடித்துக்கொண்டே கத்தினார்கள், அதோடு சரி. அந்தச் சர்க்குலரில் மூன்று பிழை திருத்தி எல்லாப் பிரிவுக்கும் அனுப்பி வைத்தது நான்தான்.

சுப்பையா எங்கள் பிரிவின் பியூன். அம்பாசமுத்திரம் பக்கத்து மனிதர். புனேயில் கட்கி பக்கம் முப்பது வருஷக் குடித்தனம், ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வருஷம். சர்க்கரை வியாதி. இடது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண் ஐந்து மாதமாக ஆறாமல் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அலைந்தே லீவெல்லாம் தீர்த்துவிட்டார். காலில் துணி சுற்றி, திறந்த செருப்பைப் போட்டுக்கொண்டு வருவார். சர்க்குலர் வந்த அன்றே ஒரு டாக்டர் சீட்டோடு என் மேஜைக்கு வந்தார். மூடிய ஷூ போடக் கூடாது, போட்டால் காலுக்கே ஆபத்து என்று அதில் எழுதியிருந்தது.

"செருப்பு போட்டுக்கிட ஒரு ஆர்டர் வாங்கித் தாங்கம்மா. காலு போச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆட்சேபணை எழுதினேன். எந்தக் கால் என்று சீட்டில் இல்லை. எத்தனை நாளைக்கு என்று இல்லை. தனியார் டாக்டர் கையெழுத்து செல்லாது. கால் என் கண்ணெதிரே நிற்கிறது, துணிச் சுற்று தெரிகிறது, எந்தக் கால் என்று கேட்டு எழுதுகிறேன்! சத்தியமாக அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அரைகுறைக் கோப்பு மேலே போய்த் திரும்பி வருவதைவிட நாமே கீழே திருப்பிவிடுவது நல்லது, இது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

அரசு டிஸ்பென்சரி டாக்டர் ஒரு வாரம் லீவில் இருந்தார். வந்த பிறகும் கையெழுத்துக்கு நாலு நாள் இழுத்தார். அதுவரை சுப்பையா ஷூ போட்டுக்கொண்டு வந்தார். கேட்டைத் தாண்டியதும் கழற்றிவிடுங்கள் என்று சொன்னேன். டைரக்டர் எந்த நேரத்தில் காரிடாரில் வருவாரோ என்று பயந்து அவர் கழற்றவில்லை. அரசாங்க ஷூ, பலகை மாதிரி விறைப்பு. சாயங்காலம் வரை ஈரத்துணியும் ஈர ஷூவுமாகக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கினார்.

ஒரு நாள் பார்க்கச் சகிக்காமல், ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லம்மா. உள்ளதச் சொல்லணும்லா, வலியே இல்ல. ஷூ போட்டிருக்கேன்னே தெரியல."

எனக்கு மனசு லேசாயிற்று. கூடவே, மனுஷன் இருப்பதைக் கொஞ்சம் பெரிதாக்குகிறாரோ என்று ஒரு சந்தேகமும் வந்தது.

ஒருவழியாகக் கையெழுத்து வந்தது. ஆற அமர உட்கார்ந்து நோட் எழுதினேன். முதல் பத்தியில் மனு. இரண்டாவதில் டாக்டர் சிபாரிசு. மூன்றாவதில், மனுதாரரை நேரில் விசாரித்ததில் தற்போது ஷூ அணிந்தே பணிக்கு வருவதாகவும் வலி ஏதும் இல்லை என்றும் தெரிவித்தார் என்று எழுதினேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் கோப்பு என்றால் எல்லா விவரமும் இருக்க வேண்டாமா? எதையோ மறைத்தாய் என்று நாளைக்கு ஒருத்தர் என்னைக் கேட்கக் கூடாது. விலக்கு அளிக்கலாம் என்று கடைசியில் நானே சிபாரிசும் செய்திருந்தேன்.

இரண்டு நாளில் கோப்பு திரும்பி வந்தது. மூன்றாவது பத்திக்குக் கீழே பச்சை மையில் கோடு. ஓரத்தில் இரண்டே வார்த்தை, நாட் அக்ரீட்.

டைரக்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சுப்பையாவிடம் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் போகட்டும், மறுபடி எழுதிப் பார்க்கலாம் என்றேன். சரிம்மா என்று தலையாட்டிவிட்டு டெஸ்பாட்ச்சுக்குப் போனார். அந்த ஷூவோடுதான் போனார்.

அதற்குப் பதினைந்து நாள் கழித்து அவர் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி என்றார்கள். நான் போய்ப் பார்ப்பதற்குள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வெளியே ஒரு இளம் டாக்டர் எனக்கு ஹிந்தியில் விளக்கினான். ஷூவின் உள்ளே ஒரு ஆணி மேலே தூக்கியிருந்ததாம். எத்தனை நாளாகவோ அது புண்ணுக்குள் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி செத்துப் போகும், வலி இல்லை என்று நோயாளி சொல்கிற அன்றைக்குத்தான் பயப்பட வேண்டும் என்றான். பாவி, எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? எனக்குக் கமா தெரியும்.

பியூன் வேலைக்குத் தகுதியில்லை என்று ஆபீஸ் அவரை வீட்டுக்கு அனுப்பியது. அந்தக் காகிதங்களில் கையெழுத்து வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கட்கிக்குப் போனேன். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. அவர் மனைவி கனகவல்லி டீ போட்டுக் கொடுத்தாள். சுப்பையா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், இடுப்பிலிருந்து போர்வை. நான் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றும் என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

"அம்மா நமக்காக எவ்வளவு எழுதிப் பாத்தாங்க. அந்த ஆளு மனசு இரங்கல, அதுக்கு அவங்க என்ன செய்வாங்க" என்று மனைவியிடம் சொன்னார்.

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. சொல்லிவிட்டேன். மூன்றாவது பத்தியை, அதன் கீழே இருந்த பச்சைக் கோட்டை, நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததை, எல்லாவற்றையும். சொல்லும்போது அழுகை வந்தது. அழ எனக்கு என்ன உரிமை என்று என் மேலேயே ஆத்திரமும் வந்தது.

சுப்பையா போர்வையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, நான் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறீர்கள் என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

கனகவல்லிதான் கேட்டாள்.

"அப்போ, வலிக்குன்னு இவரு ஒரு பொய் சொல்லிருந்தா காலு இருந்திருக்குமா?"

இருந்திருக்கும் என்றேன்.

அவள் என் முன்னால் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதில் பாதி டீ இன்னும் இருந்தது. நான் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்து எழுந்திருக்கும்வரை அவள் வெளியே வரவில்லை.