பலாப்பழம் சுமந்தவன் எந்த ஊர்?

ஜீப் சறுக்குவது நின்றதும் அர்ச்சுனனுக்கு முதலில் கேட்டது மழைச் சத்தம். அடுத்துக் கேட்டது மரம் முனகும் சத்தம்.

மலைச்சாலை வளைவில் ஓரத்து மண் கரைந்து, வண்டி சரிவில் இறங்கி ஒரு நாவல் மரத்தின் மேல் சாய்ந்து நின்றிருந்தது. மரத்துக்குக் கீழே பள்ளம். அதன் அடி தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. காற்று அடித்தபோதெல்லாம் மரம் கறக்கென்றது, வண்டியும் கூடவே அசைந்தது.

"பெரியவரே, நல்லா கீறீங்களா?" ஓட்டுநர் சின்னராசு ஒரு தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. பின்னாடி பாரு."

பின்னால் அண்டாக்களுக்கும் பாய்களுக்கும் நடுவே மாணிக்கம்மாள் கிடந்தார். அர்ச்சுனனின் மருமகளைப் பெற்றவர். நெற்றிக்கு மேலே தலை பிளந்திருந்தது. ஒரு கால் இருக்கை இரும்புக்கு அடியில் மாட்டியிருந்தது. பின்கதவு வழியாக உள்ளே நுழைந்து இருவரும் காலை இழுத்துப் பார்த்தார்கள். கால் வரவில்லை. மரம்தான் முனகியது.

"வேணாங்க, வுட்டுடுங்க. வண்டியே போய்டும்" என்றான் சின்னராசு. "இங்க டவர் கிடையாது. நான் மேல போய் ஊர்க்காரங்கள இட்டுகினு வர்றேன். நீங்க ரத்தத்தை அமுக்கிப் புடிங்க, கைய மட்டும் எடுத்துடாதீங்க. அப்புறம் அவங்கள தூங்க வுடாதீங்க. தலையில அடிபட்டவங்க தூங்கிட்டா எழுப்பறது கஷ்டம்."

அவன் புதரைப் பிடித்து ஏறி மறைந்துவிட்டான்.

அர்ச்சுனன் தோளில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்து மடித்தார். பேரனுக்கு முடி இறக்கும் விசேஷத்துக்காக வாங்கிய புதுத் துண்டு. சம்பந்தியம்மாளின் தலையை நாம் தொடுவதா என்று கை ஒரு கணம் கூசியது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அமுக்கினார்.

தொடுவது இருக்கட்டும், அந்த அம்மாளுடன் அவர் முகம் கொடுத்துப் பேசியே நாலு வருடம் ஆகிறது. காரணம் ஒரு கதை.

அர்ச்சுனனுக்குச் சந்தவாசல் கடைவீதியில் உரக்கடை. நிமிர்ந்து நடந்து பழகிய குடும்பம். அவர் அப்பா நின்றால் ஊரில் யாரும் உட்கார மாட்டார்கள். மகன் சரவணகுமாருக்கு மலைக்கு மறுபக்கம் ஆலங்காயத்தில் தமிழரசியைப் பெண் எடுத்தார்கள். பெண்ணைப் பெற்ற மாணிக்கம்மாளுக்கு மாவு மில். மில் நின்றாலும் வாய் நிற்காது. கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டாரைச் சிரிக்க வைக்கிறேன் என்று, மாமியார் வீட்டுக்குப் பலாப்பழம் சுமந்த மடையனின் கதையைச் சொன்னார். அந்தக் கதைக்கு ஒரு முறை உண்டு. முடிந்ததும் கேட்டவர்கள், "அவன் எந்த ஊரு?" என்று கேட்க வேண்டும். சொன்னவர் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரைச் சொல்ல வேண்டும். மாணிக்கம்மாள் "சந்தவாசல்" என்றார். பந்தலே குலுங்கிச் சிரித்தது. அர்ச்சுனன் பாதி இலையில் எழுந்துவிட்டார்.

அன்று முதல் சம்பந்தி வீட்டில் அவர் கை நனைக்கவில்லை. இன்றுகூட மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் குலதெய்வத்துக்குப் பேரன் முடியைக் கொடுத்த பிறகு, ஆலங்காயம் இறங்கி அவர்கள் வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. குழந்தை அழுததால் மகனும் மருமகளும் முன் வண்டியில் போய்விட்டார்கள். பாத்திரங்களும், மலையில் வாங்கிய பலாப்பழங்களும், இந்த இரண்டு பெரியவர்களும் பின் வண்டிக்கு மிஞ்சினார்கள். ஓட்டுநர் பக்கத்தில் ஏறிக்கொண்ட அர்ச்சுனன், பஸ் நிலையத்தில் இறங்கி நேரே ஊர் போய்ச் சேர்வது என்று முடிவு செய்திருந்தார்.

இப்போது சரிகை சிவந்துகொண்டிருந்தது.

இந்த அம்மாள் என் கையிலேயே போய்விட்டால்? பகையைத் தீர்த்துக்கொண்டான் என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும், மருமகள் முகத்தில் எப்படி விழிப்பது? மாணிக்கம்மாளின் இமை பாதி இறங்கியிருந்தது.

"சம்மந்தி, தூங்காதீங்க."

"நாலு வருசம் கழிச்சி வாய் தொறந்தீங்க." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "தொறந்ததுமே அதிகாரம்."

"ஏதாவது பேசிக்கினே இருங்க."

"நமக்குள்ள இன்னா பேச்சு கீது? ஒரு கதைனா சொல்லுங்க. நான் உம் கொட்டறேன்."

"கதை சொல்ற நேரமா இது?"

"எங்கப்பாரு சாமைக் கொல்லைக்குக் காவல் போவாரு. ஒருத்தர் கதை சொல்லணும், ஒருத்தர் உம் கொட்டணும். உம் நின்னா ஆளு தூங்கிட்டான்னு அர்த்தம். காலால ஒரு எத்து." மூச்சு வாங்கினார். "கதை இன்னாத்துக்குன்னு நெனச்சீங்க? ராஜாவும் ராணியும் நல்லா இருக்கறதுக்கா?"

அர்ச்சுனனுக்குக் கதை சொல்லிப் பழக்கமில்லை. நினைவில் இருந்தது ஒன்றே ஒன்று. நாலு வருடமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்ததால் நினைவில் இருந்தது.

"ஒரு ஊர்ல ஒருத்தன்."

"உம்."

"மாமியா வூட்டுக்குன்னு தலையில பலாப்பழத்தை வச்சிக்கினு மலையேறினான்."

உம் வரவில்லை. ஒரு கண் திறந்தது. "இந்தக் கதையா?"

"எனக்குத் தெரிஞ்சது இதான்."

"எங்கேருந்து ஏறினான்?"

"ஆலங்காயத்துலேருந்து."

"பொய்." குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. "சரி, சொல்லுங்க. உம்."

"பழம் பழுத்து வாசனை அடிக்குது. ஈ வந்து மொய்க்குது. புல்லறுக்கிற கிழவி ஒருத்தி பாத்துட்டு, 'எப்பா, பின்னாடி திரும்பிப் பாரு'ன்றா."

அவர் நிறுத்த வேண்டிய இடம் அது. கேட்பவர் சொல்ல வேண்டிய இடம். மாணிக்கம்மாள் ராகம் போட்டுச் சொன்னார்: "திரும்பிப் பாக்கிற வம்சம் இல்ல எங்க வம்சம்."

"இன்னொரு மேடு ஏறினான். கொரங்கு வந்து தலைமேல இருக்கற பழத்தைப் புட்டுப் புட்டுத் திங்குது."

"கொரங்கு இல்லைங்க, அணிலு. எங்க பக்கம் அணிலுதான்."

"எங்க பக்கம் கொரங்கு."

"உங்க பக்கம் அதான் ஜாஸ்தி."

வேறு சமயமாக இருந்தால் அர்ச்சுனன் எழுந்து போயிருப்பார். இப்போது அந்தக் குத்தல் காதில் தேனாக விழுந்தது. மனுஷி இருக்கிறாள்.

"இருக்கட்டும், கொரங்குதான். பாரம் கொறையுது. 'மாமியா வூடு நெருங்க நெருங்கப் பாரமே தெரியலியே'ன்னு அவனுக்கு ஒரே சந்தோசம். மாடு மேய்க்கிறவன் பாத்துட்டு, 'அண்ணே, திரும்பிப் பாரு'ன்றான்."

"திரும்பிப் பாக்கிற..." என்றார் மாணிக்கம்மாள். மிச்சம் வரவில்லை.

காற்று வந்தது. மரம் கறக்கென்றது. ஓர் அண்டா உருண்டு, பின்கதவு வழியாக வெளியே விழுந்து, பள்ளத்தில் எங்கேயோ போய் மோதும் சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டது.

"சம்மந்தி."

இமை முழுக்க இறங்கிவிட்டது.

"சம்மந்தி, உம் கொட்டுங்க. ஆலங்காயத்தான் மடையன்னு சொல்றேன், கேட்டுக்கினு சும்மா கீறீங்களே."

உதடு அசையவில்லை. காலால் எத்தலாம் என்றால் இவர் என்ன கொல்லைக் காவலுக்கு வந்த ஆளா? கன்னத்தில் தட்ட ஒரு கை இருந்தது, தட்ட மனம் வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும். இந்த அம்மாள் விட்டுக்கொடுக்காமல் எழுந்து உட்காருகிற மாதிரி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"அவன் ஆலங்காயம் இல்ல" என்றார். "சந்தவாசல்."

ஒன்றுமில்லை.

"சந்தவாசல் கடைவீதி." அப்பா நின்ற தெரு அது. "உரக்கடைக்காரன். பேரு அர்ச்சுனன். போதுமா? பலாப்பழம் சுமந்த மடையன் பேரு அர்ச்சுனன்."

மழை தகரத்தில் கொட்டியது. இமை மெல்ல மேலே போனது.

"கதையில பேரு வராதுங்க" என்றார் மாணிக்கம்மாள்.

"வரட்டும்."

"வரக் கூடாது. ஒரு ஊர்ல ஒருத்தன், அவ்ளோதான். பேரு வச்சா அது கதை இல்ல, கோளு." நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். "ஊரச் சொல்லலாம். ஊருன்னா யாரும் இல்ல. நீங்க சொன்னா எங்க ஊரு, நான் சொன்னா உங்க ஊரு. அன்னிக்கு நான் ஊரத்தான சொன்னேன்? நீங்களா எடுத்து மாட்டிக்கினீங்க."

"எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க."

"நீங்க எழுந்து நின்னீங்க. அதனால பாத்தாங்க."

மாணிக்கம்மாளின் பார்வை அர்ச்சுனனின் தோளுக்கு மேலே போய், அங்கேயே நின்றது. வெளுத்திருந்த முகம் இன்னும் வெளுத்தது.

"சம்மந்தி" என்றார், உதடு அசையாமல். "திரும்பாதீங்க."

முதலில் வாடை வந்தது. நனைந்த மயிரும் அழுகலும் கலந்த வாடை. பிறகு சத்தம். திறந்து கிடந்த பின்கதவுக்கு வெளியே, உடைந்து சிதறிய பலாப்பழங்களை ஏதோ நக்கி, உறிஞ்சி, மூச்சை ஊதிக்கொண்டிருந்தது. அவர் முதுகுக்கும் அதற்கும் நடுவே ஒரு பாய்க்கட்டுதான் இருந்தது.

"கரடியா?"

"உம்."

ஓட முடியாது. ஓடினால் கையை எடுக்க வேண்டும். கையை எடுக்காமல் திரும்பக்கூட முடியாது. எழுபது வயதில் அர்ச்சுனன் ஒருமுறையும் வாய்விட்டுச் சாமியைக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிடப் பார்த்தார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"கதையச் சொல்லுங்க" என்றார் மாணிக்கம்மாள். "சத்தமா. காவல்காரங்க கத்தித்தான் சொல்வாங்க. மனுசன் முழிச்சிக்கினு கீறான்னு அதுக்குத் தெரியணும்."

"எனக்கு வரல."

"மூணாவது மேடு. ஏறுங்க."

"மூணாவது," என்றார் அர்ச்சுனன். குரல் கீச்சென்று வந்தது. இருமிவிட்டு, கடையில் லாரிக்காரனைக் கூப்பிடும் குரலை எடுத்தார். "மூணாவது மேடு ஏறினான்!"

"உம்!"

உறிஞ்சும் சத்தம் நின்றது. நின்றது இன்னும் பயமாக இருந்தது.

"பின்னாடி கரடி வந்துது!"

"உம்!"

"அவன் தலைமேல இருந்து பழத்தை ரெண்டு கையால தூக்கிச்சி! மச்சான்தான் எதிர்கொண்டு வந்து பாரத்தை வாங்கிக்கிறான்னு நெனச்சிக்கினான்!"

"உம்! அவன் இன்னா சொன்னான்?"

"மச்சான், பாத்துத் தூக்கு, சீர்ப்பழம்னு சொன்னான்!"

வண்டி பின்பக்கம் தாழ்ந்தது. எதுவோ அதன்மேல் பாரத்தை வைத்திருந்தது. மரம் நீளமாக முனகியது. பிடரியில் சூடான மூச்சு பட்டதா, பயம்தான் பட்டதா என்று அர்ச்சுனனுக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே மாணிக்கம்மாளின் முகத்தை மட்டும் பார்த்தார். பின்னால் நடப்பது எல்லாம் அந்தக் கண்ணில்தான் அவருக்குத் தெரிந்தது.

"எதிர்ல வந்த ஊர்க்காரன் எல்லாம், 'திரும்பிப் பாருடா, திரும்பிப் பாருடா'ன்னு கத்தினான்!"

இருவருமே சேர்ந்து கத்தினார்கள். "திரும்பிப் பாக்கிற வம்சம் இல்ல எங்க வம்சம்!"

மேலே எங்கோ தகரம் தட்டும் சத்தம் கேட்டது. ஆள் குரல்கள். வண்டி சட்டென்று நிமிர்ந்தது. புதர் முறியும் ஓசை சரிவில் இறங்கிப் போனது. மாணிக்கம்மாளின் கண் அதைத் தொடர்ந்து போய், பிறகு அவர் முகத்துக்குத் திரும்பி வந்தது.

"போய்ட்டுது" என்றார். "இப்ப திரும்புங்க."

அர்ச்சுனன் திரும்பவில்லை.

சின்னராசு அழைத்து வந்த மலைக்காரர்கள் முதலில் வண்டியை மேலே ஒரு மரத்தோடு கயிற்றால் கட்டினார்கள். கடப்பாரையால் இருக்கை இரும்பை நெம்பிக் காலை எடுத்தார்கள். "பெரியவரே, கைய எடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். அவருக்கும் எடுக்கத்தான் ஆசை. விரல்கள் வரவில்லை. ஒருவர் பொறுமையாக ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு, அதே துண்டைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

கயிற்றுக் கட்டிலில் கிடத்தித் தூக்கும்போது அவர்களில் மூத்தவர் கேட்டார். "நீங்கல்லாம் எந்த ஊருங்க?"

அர்ச்சுனன் வாயைத் திறந்தார். ஊர்ப் பெயர் தொண்டை வரை வந்து நின்றது. கட்டிலிலிருந்து மாணிக்கம்மாள்தான் சொன்னார்.

"மலைக்கு அந்தாண்ட."

சிரித்ததில் வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. இமை மறுபடி தாழ்ந்தது.

இருட்டிக்கொண்டு வந்தது. ஆலங்காயத்திலிருந்து யாராவது தேடி ஏறி வந்தால் பாதி வழியில் வண்டி கிடைக்கும் என்றான் சின்னராசு. அதுவரை நடைதான். அர்ச்சுனன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டிலேயே நடந்தார். காதில் இன்னும் அந்த உறிஞ்சல் இருந்தது. திரும்பிப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

"சம்மந்தி, தூங்காதீங்க."

"அதான் முடிஞ்சிடிச்சே."

"அது எங்க பக்கத்துக் கதை. உங்க பக்கத்துது இன்னும் சொல்லல." தொண்டையைச் செருமினார். "ஒரு ஊர்ல ஒருத்தன். பலாப்பழத்தைத் தூக்கிக்கினு சந்தவாசல்லேருந்து மலையேறினான்."

"உம்" என்றான் சின்னராசு. "உம்" என்றார்கள் கட்டிலைத் தூக்கியவர்கள். கடைசியாக, பிந்தி, மெலிந்து ஓர் உம் வந்தது. அந்த ஒன்றைக் கேட்ட பிறகுதான் அர்ச்சுனன் அடுத்த வரியைச் சொன்னார்.