கேளிக்கைப் பூங்காவுக்குப் பிடிமண்

1

இக்கதை ஒரு கட்டுரையாகப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். குடும்பத்தோடு கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்வோர் எங்கே தங்கலாம் என்பது குறித்துப் பள்ளி விடுமுறைச் சிறப்பிதழுக்கு இரண்டு பக்கம் எழுதித் தருமாறு கோலாலம்பூர்ப் பத்திரிகை ஒன்று சென்ற ஆண்டு, அதாவது 1983இல், என்னைக் கேட்டது. முப்பத்தோராண்டுகள் தோட்டப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆசிரியர் மாநாடுகளுக்காகத் தலைநகரத்து விடுதிகள் பலவற்றில் படுத்து எழுந்தவன். அதனால் கேட்டிருப்பார்கள்.

எழுதினேன், அனுப்பவில்லை. மூன்றாம் பத்தியில் ரஞ்சிதம் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் ஒருநாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். விடை எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. ஆகவே இது ஒரு மௌனத்தைப் பற்றிய

[மௌனம் என்பது நாகரிகமான சொல். அடித்துவிட்டேன். பொய் என்று எழுத வேண்டிய இடத்தில் வேறு சொல் தேடும் மாணவனுக்கு நான் மதிப்பெண் கொடுத்ததில்லை.]

2

தொடக்கங்களை வாசகர் பார்க்கட்டும்.

முதல் தொடக்கம்: 'மலைச்சரிவெங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலை'. இவ்வளவில் நிறுத்தினேன். தேயிலையைக் கம்பளம் என்று எழுதுகிறவர்கள் மழையில் இடுப்பளவு நனைந்து அதற்குள் ஒரு காலைப்பொழுதாவது நின்றிருக்க வேண்டும். கேமரன் மலைக்குக் காரில் வந்து, கண்ணாடியை இறக்காமல், அடுத்த வாரம் கவிதை எழுதுகிறார்கள். இதைப் பற்றிப் பத்திரிகைக்கு நான்கு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். ஒன்றும் வெளிவரவில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'வீரப்பன் தந்திரக்காரன்.' கிழித்துவிட்டேன். வீரப்பன் ரஞ்சிதத்தின் கணவன். தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை. மனைவியிடம் ஒன்றை மறைத்தான் என்பது உண்மை. மறைத்தவனெல்லாம் தந்திரக்காரன் என்றால் நான் யார்?

மூன்றாம் தொடக்கம், மறைத்ததையே சொல்லிவிடுவது. நவம்பரில் தோட்ட அலுவலகத்திலிருந்து அவனுக்கு ஓர் ஆங்கிலக் கடிதம் வந்தது. ரிங்லெட் ஊரில் கடைவீட்டு மாடியில் நான் குடியிருக்கும் அறைக்குக் கொண்டுவந்தான். படித்துச் சொன்னேன். ஐம்பத்தைந்து வயது நிறைந்துவிட்டபடியால் ஆண்டிறுதியோடு வேலை முடிகிறது. ஜனவரிக்குள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும்.

"எனக்கு அம்பத்திரண்டுதான் சார்" என்றான்.

யுத்தம் முடிந்து தோட்டம் மறுபடியும் திறந்தபோது அவனுக்குப் பதினைந்து வயது. பதினெட்டு என்று சொன்னால்தான் தோட்டக் கணக்கரான கிராணி முழு ஆளாகப் பேர் போடுவார். இல்லையேல் அரை ஆள், அரைச் சம்பளம். "பதினெட்டுன்னேன். கிராணி எம் மூஞ்சிய ஒரு தடவ பாத்தாரு. சிரிச்சுக்கிட்டே எழுதிக்கிட்டாரு. அன்னைக்கு எங்கம்மா பாயசம் வெச்சாங்க சார்." பிறகு ஐசி என்னும் அடையாளக் கார்டு வந்தபோது தோட்டத்துப் பதிவேட்டைப் பார்த்து அந்த வயதையே எழுதினார்கள். அன்று கூட்டிச் சொன்ன மூன்று ஆண்டுகள் இப்போது வீட்டைக் கேட்கின்றன.

(அலுவலகத்துக்கு நானே சென்று வாதாடினேன். இப்போதைய கிராணி இளைஞர். "பதிவுன்னா பதிவுதான் சார்" என்றார். பதிவு என்பது உண்மையின் நிழலேயன்றி உண்மையன்று என்று அரைமணி நேரம் விளக்கினேன். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.)

ரஞ்சிதத்துக்குத் தோட்டத்தில் பேர் இல்லை. மலையில் இன்னும் மேலே, திரிங்காப்பில் ஒரு காய்கறிப் பண்ணையில் கோஸ் அறுக்கிறாள். ஆகவே வீடு வீரப்பனின் பேரில்தான்.

"உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்" என்றேன்.

"சொன்னா வர மாட்டா சார். கோலாலம்பூர்ல, செந்தூல்ல அவ அண்ணன் வீடு இருக்கு. பின்னாடி ரெண்டு ரூமு சும்மாக் கெடக்கு. விருந்தாளியா போயி நிக்கணும். ரெண்டு நாளு சிரிச்சுப் பேசுனப்பறம் கேக்கணும். வீடு இல்லாதவனாப் போயி நின்னா, நாய்கூட மதிக்காது." அவளிடம் சொல்லமாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டான்.

அதற்குத்தான், விடுமுறைப் பயணம் என்ற சாக்கில், கோலாலம்பூர்க் கேளிக்கைப் பூங்கா.

3

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். [இனி ரஞ்சிதத்தின் தோளருகே நின்று எழுதுகிறேன். அவர்களுடைய பேச்சைத் திருத்தமாட்டேன். கை துடிக்கிறது, திருத்தமாட்டேன்.]

காய்கறி லோரிக்காரர் கொடுத்த, பூங்காவின் வண்ண விளம்பரத் தாளைத் தரையில் விரித்து, பன்னிரண்டு வயது மகள் திலகம் மலாய் மொழியிலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்தாள். சறுக்குமரம் மூன்று மாடி உயரமாம். குளமாம். படகாம்.

"இங்க பாருங்கம்மா, குளத்து மேலயே குடிசை! காலு வெச்சு நிக்குது. அங்கயே படுத்துக்கலாம்."

"தண்ணி மேல படுத்தா ஒங்கப்பாவுக்கு இடுப்பு பிடிச்சுக்கும்லா. அப்பறம் யாரு தூக்கிட்டு வர்றது?"

"குடிசையெல்லாம் வேணாம்" என்றான் வீரப்பன், தாளைப் பார்க்காமலே. "மச்சான் வீட்டுல தங்கிக்கலாம்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ரஞ்சிதத்தின் கை நின்றது. "எந்த மச்சான்?"

"ஒனக்கு எத்தன அண்ணன்?"

"அண்ணன் ஒண்ணுதான். அந்த வீட்டுல அண்ணியும் இருக்காங்க. மறந்துபோச்சா?"

அவன் மறக்கவில்லை. எட்டாண்டுகளுக்கு முன் அண்ணன் சிங்காரத்தின் புதுமனைப் புகுவிழாவுக்குச் சென்றிருந்தார்கள். மலையில் கம்பளிச் சட்டைகளை அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் உலர்த்துவது. வேறு வழியில் அவை உலரா. செந்தூலில் போய் இறங்கியதும் அண்ணி மணியம்மா மூன்று சட்டைகளையும் விரல் நுனியால் எடுத்து முகர்ந்து பார்த்தாள். "என்னா புகை வாடை! வெளிய போடு, பிள்ளைங்களுக்கு இருமல் வரும்" என்று வேலிமேல் எறிந்தாள். விருந்தினர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரஞ்சிதம் சாப்பிட்டாள், சிரித்தாள், பாத்திரம் கழுவினாள். பேருந்தில் ஏறிய பிறகு, அந்த வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்றாள்.

"வாத்தியாரு பிரிக்பீல்ட்ஸ்ல லாஜு இருக்குன்னாரே. அங்க போலாம். நம்ம கம்பளிய அங்க யாரும் மோந்து பாக்க மாட்டாங்க."

"சொந்தம் இருக்கிற ஊருல லாஜுல படுத்தா ஊரு என்ன சொல்லும்? மச்சான் காதுக்குப் போவாதா? அதோட முடிஞ்சுது."

"முடிஞ்சா முடியட்டும். இவரு என்னா, இப்பதான் கல்யாணம் ஆனவரு மாதிரி மச்சான் மச்சான்னு உருகுறாரு!"

"அப்ப குளத்துக் குடிசை?" என்றாள் திலகம்.

"சும்மா இருடி!" இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஓரிடத்தில்தான்.

கடைசியில், கோலாலம்பூரில் புடுராயா நிலையத்தில் இறங்கிய பிறகு எந்தப் பேருந்தில் ஏறுவது என்று பார்த்துக்கொள்ளலாம் என்றாயிற்று. [தங்குமிடத்தை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்க என்பது என் கட்டுரையின் முதல் அறிவுரை.]

4

அந்தக் கேள்வி.

ரிங்லெட்டுக்குச் சாமான் வாங்க வந்த ரஞ்சிதம் படியேறி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. எதுக்கு இவரு அண்ணன் வீடு அண்ணன் வீடுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு? ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

நான் சொன்ன விடையை அப்படியே எழுதுகிறேன். பிரிக்பீல்ட்ஸ் விடுதியில் கூரை மின்விசிறி உண்டு என்றேன். தெருப்பக்க அறை கேட்கவேண்டாம், இரயில் ஓசை மிகுதி என்றேன். மூன்றாம் எண்ணில் சுழலவிட்டால் விசிறி ஆடும், இரண்டிலேயே வைத்துக்கொள்வது நலம் என்றேன். பத்து நிமிடம் மின்விசிறியைப் பற்றிப் பேசினேன்.

பொறுமையாகக் கேட்டாள். "சரிங்க சார்" என்று இறங்கிப் போனாள்.

[வீரப்பனுக்குக் கொடுத்த வாக்கை நான் காத்தேன் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். இலக்கணப் பிழை ஒன்றுமில்லாத பத்தி. நீக்கிவிட்டேன்.]

5

டிசம்பரில் ஒருநாள் காலை, ரிங்லெட் பேருந்து நிறுத்தத்தில் அவர்களை வழியனுப்பினேன். ரஞ்சிதமும் திலகமும் ஏறிவிட்டார்கள். வீரப்பன் என் காதருகே வந்து, "முனியாண்டி கோயில்ல பிடிமண் எடுத்துக்கிட்டேன் சார்" என்றான். அவன் கண்கள் என்னைப் பார்க்கவில்லை.

திகைத்துப்போனேன். பிடிமண் என்பது, குடிபெயர்கிறவர்கள் தங்கள் தெய்வத்தின் காலடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணெடுத்துச் சென்று, போய்ச்சேரும் இடத்தில் வைத்து வணங்குவதற்கு. மூன்று நாள் பயணத்துக்கு எவரும் அதை எடுப்பதில்லை. திட்டத்தை அவ்வளவு கவனமாக மறைத்தவன், மைத்துனனிடம் கேட்பதற்கு முன்பே, சாமியைப் பெட்டியில் வைத்துவிட்டான். கேட்காமல் வீடு கிடைக்கும் என்ற நம்பிக்கையா? லயத்து வீட்டின்மேல் நம்பிக்கை போனதா?

இனி வருவதை நான் பார்க்கவில்லை. அந்தப் பேருந்தில் நான் இல்லை. எழுதுகிறேன்.

அடிவாரத்திலுள்ள தாப்பாவுக்கு இறங்கும் பாதையில் இருபதாம் வளைவுக்குள் பாதிப் பேருந்து வாந்தியெடுக்கும். திலகம் வாயைப் பொத்திக்கொண்டாள். பிளாஸ்டிக் பைக்காக ரஞ்சிதம் துணிப்பெட்டியைத் துழாவினாள். மாற்றுத் துணிகளுக்கு அடியில், பைக்குள், மஞ்சள் துணி முடிச்சு ஒன்று கையில் தட்டுப்பட்டது. முடிச்சை மடியில் வைத்துவிட்டு, பையை மகளின் வாய்க்கருகே பிடித்தாள். முதுகைத் தடவினாள். வாய் துடைத்தாள். பிறகுதான் முடிச்சைத் தொட்டாள். திருநீறும் சூடக்கரியும் கலந்த வாசம்.

"இது என்னா?"

"மண்ணு."

"தெரியுது. பார்க்குக்கு எதுக்கு முனியாண்டி?"

இரண்டு வளைவுகள் கழிந்தன.

"வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் வரைக்குந்தான்."

"ஒங்களுக்கு அம்பத்திரண்டுதானே?"

"எனக்கு அம்பத்திரண்டு. ஐசிக்கு அம்பத்தஞ்சு."

ரஞ்சிதம் சாளரத்துக்கு வெளியே பார்த்தாள். மூங்கில் மேல்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. "யாருக்கெல்லாம் தெரியும்?"

"வாத்தியாருக்கு."

"அதான்" என்றாள். "ஃபேனப் பத்தி அவ்வளவு சொன்னாரு."

முடிச்சை இறுக்கினாள். அதைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அம்மா, பார்க்கு வந்திருச்சா?" என்று கேட்டாள் திலகம், கண்ணைத் திறவாமல்.

6

முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

(அ) செந்தூல் பேருந்தில் ஏறுகிறார்கள். மணியம்மா கதவைத் திறக்கிறாள். ரஞ்சிதம் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றித் தானே வேலிமேல் போட்டுவிட்டு உள்ளே நுழைகிறாள். [நல்ல காட்சி. நல்ல காட்சி என்பதாலேயே ஐயுறுகிறேன். அவளை எவ்வளவு குனியவைத்துவிட்டு அழகு பார்க்கிறேன்?]

(ஆ) விடுதி. விசிறி இரண்டாம் எண்ணில். அண்ணன் உறவு அத்துடன் அறுகிறது. திரும்பி வந்து, திரிங்காப் பண்ணையில் வேலையாட்களுக்குக் கொடுக்கும் பலகை வீட்டில் குடிபுகுகிறார்கள். கோஸ் பாத்திகளின் ஓரத்தில் முனியாண்டி இறங்குகிறார். இது மானமுள்ள முடிவு. ஆனால் மழையில் அந்தப் பலகை ஒழுகும். மானத்தைப் பற்றி எழுதுகிறவன் ஒழுகும் கூரையின் கீழே படுப்பதில்லை.

(இ) குளத்துக் குடிசை. மூன்று நாளும் எவரும் எதையும் தீர்மானிக்கவில்லை. மகளுக்காக எழுதியது. இதை எழுதும்போது மட்டும் நான் சிரித்தேன் என்பதால்

7

இந்த மார்ச்சில் ரஞ்சிதம் வந்தாள். ஜனவரி கடந்துவிட்டது, லயத்து வீடு கைமாறிவிட்டது. எங்கே குடியிருக்கிறார்கள் என்று கடைத்தெருவில் விசாரித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். விசாரிக்கவில்லை. அவளிடமிருந்தே கேட்க வேண்டும் என்றிருந்தேன்.

இம்முறை உட்கார்ந்தாள். ஐந்தாம் பகுதி வரை படித்துக் காட்டினேன்.

"மஞ்சத் துணி இல்ல சார், செகப்பு."

"திருத்திவிடுகிறேன்."

"வேணாம், இருக்கட்டும். மத்ததெல்லாம் பக்கத்துச் சீட்டுல இருந்து பாத்த மாதிரி எழுதியிருக்கீங்க. நான் அழுதேன்னு எழுதலயே, அது போதும்."

"அம்மா, புடுராயாவில் இறங்கி எந்தப் பேருந்தில் ஏறினீர்கள்?"

ரஞ்சிதம் என்னை நேராகப் பார்த்தாள். கோபமில்லை. கணக்குப் பாடத்தில் ஏமாற்றிய பிள்ளையை நான் அப்படிப் பார்ப்பதுண்டு.

"அந்தச் சறுக்குமரம் இருக்கே சார்" என்று தொடங்கினாள், "மூணு மாடி ஒசரம். திலகம் பதினோரு தடவ சறுக்குனா. இவரு ஒரு தடவ. பாதி வழியில கால்சட்டை கிழிஞ்சு, எறங்க மாட்டேன்னு அங்கயே ஒக்காந்துட்டாரு. பின்னாடி ஒரு சீனப் பாட்டி 'சீப்பாட், சீப்பாட்', சீக்கிரம் போன்னு விரட்டுது. நடுவுல கொஞ்சம் வழவழப்பு கூட சார், அங்க காலத் தூக்கிக்கணும். காலையிலயே போயிரணும், மத்தியானம் தகரம் சுடும்."

பத்து நிமிடம் சறுக்குமரத்தைப் பற்றிப் பேசினாள். பொறுமையாகக் கேட்டேன்.

"சரி அம்மா" என்றேன்.

எழுந்தாள். கம்பளிச் சட்டையை மடித்துக் கையில் வைத்திருந்தாள். ரிங்லெட் நடுவிலுள்ள ஊர். கீழேயிருந்து வருகிறவர்கள் இதுவரை அதை அணிந்திருக்கமாட்டார்கள். மேலேயிருந்து இறங்குகிறவர்கள் இங்கேதான் கழற்றுவார்கள். கையில் மடித்திருப்பதைக் கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அது என் கைக்கெட்டும் தூரத்தில், என் முகத்துக்கு நேராக இருந்தது. சற்றே குனிந்து மூச்சை இழுத்திருந்தால் போதும். புகை வாடை இருந்தால் மலை, இல்லையேல் செந்தூல். முடிவு எனக்குக் கிடைத்திருக்கும்.

நான் நிமிர்ந்தே நின்றேன். அவள் படியிறங்கினாள்.

கீழே நிறுத்தத்தில் இரண்டு பேருந்துகள் நின்றுகொண்டிருந்தன, ஒன்று மேலே போவது, ஒன்று கீழே தாப்பாவுக்கு. சாளரத்தைச் சாத்திவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உங்கள் சாளரம் திறந்திருந்தால், பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம்.