மர மில்லுக்கு ஒரு மணி பத்து நிமிடம்

அந்தக் கேள்விகளை எழுதியவர்கள் கிராமத்து வேனில் ஒரு நாள்கூட ஏறியிருக்க மாட்டார்கள் என்பது கணக்கெடுப்புக்காரிக்கு இரண்டாம் நாளே தெரிந்துபோனது. வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், வேலையிடம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும், எதில் போகிறீர்கள், யாரோடு போகிறீர்கள். பதினொரு கேள்விகள். மடியில் அட்டையை வைத்து, வேன் குலுங்கும் குலுங்கலில் எழுத்து கோழி கிறுக்கலாகப் போக, அவள் மூன்று வாரமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று ஏறியது ஆறு நாற்பது வேன். எதிரெதிராக இரண்டு நீளப் பலகைகள், முட்டியோடு முட்டி இடிக்க ஒன்பது பேர்.

"முக்கால் மணியில கொண்டுபோய் விட்டுடுவேன்னு டிரைவர் சொல்லுவாரு, அதை மட்டும் எழுதிடாதீங்க" என்றாள் டவுன் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் நர்ஸம்மா. வேன் முழுக்கச் சிரித்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பெண்டாட்டியின் அண்ணனும் அதே வேனில் கல் பட்டறைக்குப் போகிறவன். அவன் இவரை மாப்ளே என்று கூப்பிட, இவர் அவனை மச்சான் என்று கூப்பிட, வேனில் இருவருக்கும் அதுவே பேராக நிலைத்துவிட்டது. மாப்பிள்ளைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. மடியில் மூன்றடுக்கு டிபன் கேரியர்.

"எங்க வேலைங்கய்யா?"

"மர மில்லு."

"எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு மணி பத்து நிமிஷம்."

எழுதிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக அவள் சொன்னாள்: "மர மில்லா? முந்தாநாள் நான் அங்க போயிருந்தேனே. பூட்டி மூணு மாசமாச்சுன்னு வாட்ச்மேன் சொன்னாரு?"

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அது பழைய மில்லு" என்றார் அவர்.

பலகையின் கோடியில் தூங்கிவழிந்த மச்சான் நிமிர்ந்தான். "இந்தப் பக்கம் புது மில்லு எங்க இருக்கு, மாப்ளே?"

மாப்பிள்ளை கேரியரை மடியோடு அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"உன்னைத்தான் கேக்குறேன். மூணு மாசமா எங்க போறே? என் தங்கச்சி ஊரான் காட்டுல களை எடுத்து முதுகொடிஞ்சு கிடக்கா. முதலாளி சம்பளத்தை நிறுத்தி வச்சிருக்காருன்னு அவகிட்ட சொன்னியா இல்லையா?"

"மச்சான், இறங்கிப் பேசிக்கலாம்."

மச்சான் இறங்கும்வரை காத்திருக்கவில்லை. எழுந்து வந்து சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தான். பளாரென்று ஒரு அறை. இன்னொன்று. மூன்றாவதில் மாப்பிள்ளையின் உதடு கிழிந்து, தேய்த்துப் போட்ட சட்டையில் ரத்தம் சொட்டியது. இத்தனை பேர் பார்க்க, பிள்ளையை அடிப்பதுபோல் அடித்தான்.

அதுவரை அடியை வாங்கிக்கொண்டிருந்தவர் என்ன நினைத்தாரோ, கேரியரின் கைப்பிடியைப் பிடித்து வீசினார். முதல் வீச்சு மச்சானின் புருவத்தைப் பிளந்தது. இரண்டாவது கண்ணிலேயே இறங்கியது. அவன் அலறிக்கொண்டு முன்னால் சரிந்து டிரைவரின் தோள்மேல் விழ, டிரைவர் திரும்ப, வேன் சாலையை விட்டு இறங்கிப் பாலத்துக் கட்டைச் சுவரில் மோதி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது.

கண்ணாடி பொடிப்பொடியாகக் கொட்டியது. ஆள்மேல் ஆளாகக் கிடந்தார்கள். கணக்கெடுப்புக்காரி முட்டிபோட்டு எழுந்து கதவைத் தேடியபோது பின்னாலிருந்து பின்னலை ஒரு கை சுண்டி இழுத்தது.

"உன்னை யாருடி கேட்டா?" மாப்பிள்ளையின் குரல் அழுகையா கத்தலா என்று சொல்ல முடியாதபடி இருந்தது. "உன்னை யாருடி கேட்டா?"

ஜன்னல் கம்பியில் அவள் நெற்றியை மோதினார். கண்ணில் பூச்சி பறந்தது. தடுக்க நீட்டிய கையைப் பிடித்து முறுக்கினார். மணிக்கட்டு முறிந்த சத்தத்தை அவள் முதலில் காதால் கேட்டாள். வலி பிறகுதான் வந்தது. அவர் கையைப் பல் பதியக் கடித்தாள். வாயில் உப்புக் கரித்தது. பிடி தளரவில்லை.

தளர்த்தியவன் மச்சான். முகத்தில் பாதி ரத்தமாக, ஒற்றைக் கண்ணோடு, டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தான். மாப்பிள்ளையைக் காலைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துப் போட்டான். முழங்காலில் ஓங்கி அடித்தான். மாப்பிள்ளை துடித்துப் புரண்டார். மறுபடி அதே இடத்தில் அடித்தான்.

நர்ஸம்மா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள். "யோவ், உன் தங்கச்சி புருஷன்யா!"

"தெரிஞ்சுதான் அடிக்கிறேன்" என்றான் மச்சான். அவளை உதறிவிட்டு மூன்றாவது முறை அடித்தான். அந்த அடி காலில் விழுந்தபோது, அடிக்க அங்கே முழுசாக எலும்பு இல்லை. டிரைவர் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப்பிடித்த பிறகுதான் கம்பி கீழே விழுந்தது.

மறுநாள் மத்தியானம், ஆஸ்பத்திரியில், கையில் மாவுக்கட்டோடு கணக்கெடுப்புக்காரி படுத்திருந்தாள். மெலிந்த பெண் ஒருத்தி கட்டிலருகே வந்து நின்றாள்.

"வேன்ல கேள்வி கேட்டது நீங்கதானா?"

மாப்பிள்ளையின் மனைவி என்று பார்த்ததுமே தெரிந்தது. அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று இவள் உடம்பைச் சுருக்கிக்கொண்டாள். வந்தவளோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மில்லு மூடினது எனக்குத் தெரியும்ங்க. துணி துவைக்கிறவ நான்தானே. பதினாலு வருஷமா அவர் சட்டையை உதறினா மரத்தூள் கொட்டும். திடீர்னு ஒரு வாரம் ஒண்ணுமே கொட்டலை."

"கேக்கலையாக்கா?"

"கேட்டா வேனுக்குக் கிளம்ப மாட்டாரு. வீட்லயே உக்காந்துடுவாரு. ஒவ்வொரு பட்டறையா ஏறி இறங்கி வேலை கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு. கிடைச்சதும் அவரே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

"நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்."

"ஆமா" என்றாள் அவள். "இருந்திருக்கணும்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அவள் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"போலீஸ் வந்தாங்களாமே. எழுதிக் குடுக்கப் போறீங்களா?"

"குடுக்கத்தான்க்கா போறேன். கையை ஒடிச்சிருக்காரு."

அந்தப் பெண் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குடுங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்று எழுந்தாள். "என் அண்ணன் பேரையும் சேர்த்து எழுதுங்க. எனக்காக அடிச்சேன்னு கண்ணுல கட்டோட படுத்துக்கிட்டு, பாக்க வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்றான். நான் அடிக்கச் சொல்லலை."

கணக்கெடுப்புக்காரி இரண்டு பேர் பேரையும் எழுதிக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் கால் பிறகு மடங்கவே இல்லை. மச்சானுக்கு அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும் நிழல்போலத் தெரிந்தது. வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

ஆறு நாற்பது வேனில் இப்போது மச்சானின் தங்கை போகிறாள், டவுனில் ஒரு தையல் கம்பெனிக்கு. அண்ணன் அந்த வேனில் ஏறுவதில்லை. ஏழு மணி பஸ்ஸில், பட்டறைவரைக்கும் நின்றுகொண்டே போகிறான்.