பம்ப் இல்லாத ஃபியட்

மூன்றாவது தடவையும் அந்தக் குட்டி ஃபியட் சரியாகப் பத்தாவது நிமிடத்தில் கொதித்தது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி சீறியது. மெக்கானிக் மாசாணம் ஈரச் சாக்கோடு ஓடினார். பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இது காரில்லீங்க அம்மணி, இட்லிச்சட்டி" என்றார் மாசாணம்.

பத்மாவதியும் சிரித்துவிட்டாள். ஆனால் நாள் அதிகமில்லை. இன்றைக்கு வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை வண்டி, பட்டறை இருக்கும் கணபதியிலிருந்து சரவணம்பட்டி வரைக்கும் கொதிக்காமல் போய்விட வேண்டும். இல்லையென்றால், "இந்த எஞ்சினக் கழட்டிப்போட்டு மாருதி எஞ்சின வெச்சுப்போடலாம்" என்று பம்ப் பட்டறை முதலாளியான அவள் கணவர் வெள்ளியங்கிரி சொல்லியிருந்தார். கோபத்தில் சொன்னதில்லை. அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அந்த மாருதி எஞ்சினை வாங்கி, மூலையில் சாக்குப் போட்டு மூடியும் வைத்துவிட்டார்.

எட்டு மாதத்துக்கு முன் காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லின் பின்புறம், கொட்டாங்கச்சிக் குவியலுக்கு அடியில் அந்த வண்டியைப் பார்த்தாள். இரண்டே பேர் உட்காரும் இத்தாலி வண்டி. நாற்பதுகளில் கப்பலேறி வந்ததாம். தளம் முழுக்கத் துரு தின்று, உள்ளே எட்டிப் பார்த்தால் மண் தெரிந்தது. "எனக்கு இது வேணுங்க" என்று கூட வந்த கணவரிடம் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் திடுக்கிட்டாள். இருபத்திரண்டு வருடக் குடும்பத்தில் அடுப்படிக்கு கிரைண்டர் கேட்டிருக்கிறாள், மகனுக்கு சைக்கிள் கேட்டிருக்கிறாள். 'எனக்கு' என்று ஒரு சொல் வாயிலிருந்து இவ்வளவு சுலபமாக வந்து விழும் என்று அவள் நினைத்ததில்லை.

அதற்குப் பிறகு நாள் தவறாமல், காலைச் சமையல் முடிந்ததும், உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவாள். ஒருநாள் கதவுக்குக் கீழே துருவைத் தேய்க்கத் தேய்க்க, விரல் அகலத்துக்குப் பழைய நீல நிறம் வெளிப்பட்டது. யாரையும் கூப்பிடாமல், அந்த நீலத்தை அவள் மட்டும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள். பிற்பாடு எஞ்சின் முதன்முதலாகக் கிளம்பி, தையல் மிஷின் போல மெலிசாக ஓடியபோது, இந்தச் சத்தம் போய்விட்டால் மிச்சம் இருப்பது வெறும் தகரம்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை சோலார் ஹீட்டரின் குழாயில் பட்டுச் சுட்டது. கையை உதறியவள் அப்படியே நின்றாள். கீழே வெயில் படும் பலகை, மேலே தண்ணீர்த் தொட்டி. ஹீட்டர் வந்த புதிதில் ஆட்கள் தொட்டியைத் தாழ வைத்துவிட்டுப் போக, ஒரு வாரம் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. கம்பெனி ஆள் வந்து தொட்டியை உயர்த்தினான். "இதுக்கு மோட்டாரே கெடையாதுங்க. சூடானது தானா மேல போகும், ஆறுனது தானா கீழ வரும்" என்றான்.

பக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டுப் படிகளில் தடதடவென்று இறங்கிப் பட்டறைக்கு ஓடினாள்.

"ஏனுங்ணா, இந்த ரேடியேட்டர் நீங்க கை வெக்கறதுக்கு முந்தி எங்க இருந்துச்சு?"

மாசாணம் தலையைச் சொறிந்தார். "எஞ்சினுக்குப் பின்னாடி, கொஞ்சம் ஒசரத்துல இருந்துச்சுங்க. தண்ணி பம்ப் வெக்க எடம் பத்தல. நாலு விரக்கடை எறக்கிப்போட்டேன்."

"வண்டியில முன்ன பம்ப் இருந்துச்சா?"

"இல்லீங்க. தொலஞ்சுபோச்சாக்கும்னு மொதலாளி புதுசாச் செஞ்சு குடுத்தாருங்க."

வெள்ளியங்கிரி அதற்குள் வந்துவிட்டார். "பம்ப் இல்லாம தண்ணி எப்புடி ஓடும்? நான் ஊருக்கெல்லாம் பம்ப் செஞ்சு அனுப்பறேன், எம்பட ஊட்டு வண்டிக்கு வேண்டாமா?"

"வேண்டாமுங்க. அது தொலையல, மொதல்லயே கெடையாது. ரேடியேட்டர் மேல இருந்தா தண்ணி தானா ஏறி தானா எறங்கும். நீங்க தொந்தரவு பண்ணாம இருந்தாச் சரி."

மாசாணம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தான் பம்ப் விஷயத்தில் கணவருக்கு எதிராக வாயைத் திறந்தது இதுவே முதல் தடவை என்று பத்மாவதிக்கு உறைத்தது. பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வெல்டிங் கம்பியை எப்போது எடுப்பார்கள் என்ற அவசரம்தான் வந்தது.

வெள்ளியங்கிரி குனிந்து குழாயைப் பார்த்தார். மேலே ரேடியேட்டரின் பழைய இடத்தைப் பார்த்தார். மறுபடியும் குழாயைப் பார்த்தார். "எஞ்சின் தலைக்குக் கீழ ரேடியேட்டர் இருந்தா, பம்ப் இருந்தாலும் காத்து அடைச்சு தண்ணி ஓடாதில்ல" என்று முணுமுணுத்துவிட்டு, தான் செய்த பம்பைத் தானே ஸ்பேனர் போட்டுக் கழற்றினார். மாசாணம் ரேடியேட்டரைப் பழைய உயரத்துக்கே ஏற்றி வெல்டிங் வைத்தார்.

ஞாயிறு காலை பத்மாவதி ஓட்டினாள். பக்கத்தில் வெள்ளியங்கிரி முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்து வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்தார். அத்திப்பாளையம் பிரிவில் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்து ஒதுங்கியது. ஜன்னல் முழுக்கத் தலைகள்.

"எட்டு... ஒம்பது..."

"வாச்சப் பாக்காம ரோட்டப் பாருங்க."

"ஓட்டறது நீ. ரோட்டப் பாக்க வேண்டியதும் நீதான்."

பத்து என்றார். அவள் பானெட் இடுக்கைப் பார்த்தாள். ஆவி இல்லை. பன்னிரண்டு. பதினைந்து. அவள் வாயெல்லாம் சிரிப்பாக இருந்தது. அடக்கவே முடியவில்லை. சரவணம்பட்டி வந்து ஓரமாக நிறுத்தியபோதும் எஞ்சின் அதே மெலிசான சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளியங்கிரி இறங்கி பானெட்டைத் திறந்தார். மேல்குழாயை விரலால் தொட்டுவிட்டு வெடுக்கென்று எடுத்தார். ஆறியிருந்த கீழ்க்குழாயைத் தொட்டவர் கையை எடுக்கவே இல்லை.

"ஓடுது, அம்மணி" என்றார். சின்னப் பையன் முகமாக இருந்தது. "மாருதி எஞ்சின நாளைக்கே ஆருக்காச்சும் குடுத்தர்றேன். எறங்கு, திரும்பறப்ப நான் ஓட்டறேன்."

எப்போதும் போல அவள் கை கதவுப் பிடிக்குப் போனது. பாதியில் நின்றது.

"நீங்க நாளைக்கு ஓட்டிக்குங்க" என்றாள். "இன்னைக்கு ஏறி உக்காருங்க, போலாம்."