ரென்சோவின் பின்வரிசை

மங்கையர்க்கரசிக்கு ரென்சோவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. பின்னே? அந்தமானின் பெரார்கஞ்சில் எட்டு வருடமாகக் கால்பந்தில் ஃபார்வர்டு ஆடிக் கோல் கோலாகப் போட்டவளை, வந்த மூன்றாம் நாளே அந்த இத்தாலிக்காரர் பின்னால் கொண்டுபோய், பந்தைத் தடுக்கும் ஸ்டாப்பராக நிறுத்திவிட்டார்!

மனிதருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் ஊரில் மூன்றாம் டிவிஷன் கிளப் ஒன்றில் பதினேழு வருடம் ஸ்டாப்பர். அப்புறம் அதே கிளப்புக்குக் கோச். கடல் பார்க்க அந்தமான் வந்தவரைக் கால்பந்துச் சங்கத்துக்காரர்கள் கையைப் பிடித்துக் கோச்சாக நிறுத்திக்கொண்டார்கள். வேறு வழி? போன வருடம் தீவுப் பெண்கள் அணி சென்னைக்குப் போய்ப் பதின்மூன்று கோல் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தது. இந்த முறையும் அப்படியென்றால் அணியையே கலைத்துவிடப் போவதாகச் சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார்.

ஆறு மாதமும் அரைகுறை இந்தியில் ஒரே பாடம். "கோல் நஹி தேனா, பஸ்." கோல் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். மழையிலும் சேற்றிலும் இதையேதான் கத்தினார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், நீங்கள் எத்தனை கோல் போட்டீர்கள் என்று இந்தியில் கேட்டேவிட்டாள்.

"ஏக் பீ நஹி!" என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்தி. பதினேழு வருடத்தில் ஒன்றுகூட இல்லையாம். இதில் பெருமை வேறு! அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

சென்னைக்குப் போக அவருக்கு மட்டும் விமான டிக்கெட் வந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இவர்களோடு கப்பலில், அடித்தட்டு பங்க் கிளாஸில் ஏறினார். மூன்று நாளும் வாந்தியெடுத்துப் பாதி ஆளாகிப்போனார். அப்போதுதான் அவளுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது.

மோதியது போன வருடம் பதின்மூன்று போட்ட அதே அணி. பந்து மங்கையர்க்கரசியின் காலில் மோதியது, இடுப்பில் மோதியது, ஒருமுறை மூக்கிலும் மோதியது. வலைக்குள் மட்டும் போகவில்லை. கடைசி நிமிடத்தில் பந்து அவள் காலடிக்கே வந்து நின்றது. முன்னால் பாதி மைதானம் காலி. ஓடினால் கோல்தான். கால் துடித்தது. ஆனால் பக்கத்தில் இன்னொரு ஸ்டாப்பர் ரூபா கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். இவளும் ஓடி, வழியில் பந்து பறிபோனால், பின்னால் தடுக்க ஆளே இல்லை. ஆசையை விழுங்கிக்கொண்டு, பந்தைக் கேலரியைப் பார்த்து ஓங்கி உதைத்தாள். விசில் ஊதிவிட்டது. சைபருக்குச் சைபர்!

ரென்சோ மைதானத்திலேயே மண்டியிட்டுக் குழந்தைபோல அழுதார். போர்ட் பிளேரிலிருந்து செயலாளர் மங்கையர்க்கரசிக்குப் போன் செய்தார்.

"யாரும்மா கோல் போட்டது?"

"யாரும் போடல சார்."

"அவங்க எத்தன?"

"நாங்க போட விடல சார்!"

"அப்ப டீம் இருக்கும்மா," என்றார் அவர்.

அவள் ரென்சோவைக் கைகொடுத்துத் தூக்கினாள். வீங்கிய மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சார், அக்லே சால் பீ முஜே பீச்சே ஹீ ரக்னா," என்றாள். அடுத்த வருடமும் பின்னாலேயே நிறுத்தச் சொல்லி அவளே கேட்டுவிட்டாள்.