அளவு ஜாக்கெட்

“உங்க அண்ணன் மறுபடி உள்ள போகமாட்டாருன்னு நம்புறீங்களா?” ஜெயிலில் தொழில் கற்று வந்தவர்களைப் பற்றி விசாரித்து எழுத வந்த காலேஜ் பெண் அப்படிக் கேட்டபோது மலர்க்கொடி யோசிக்கவே இல்லை, நம்புறேங்க என்று சொல்லிவிட்டாள், அந்தப் பெண்ணும் படிவத்தின் கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டு போய்விட்டாள்... அவ்வளவு சுலபமா அது? இப்போது சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் மடியில் பையை இறுக்கிக்கொண்டு, எதற்கு இறுக்குகிறேன், யார் பிடுங்கப் போகிறார்கள், உள்ளே ஒரு ஜாக்கெட்தானே... அண்ணன் மணவாளன் பாண்டி சரக்குக் கடத்தி இரண்டு தடவை உள்ளே போனவன், முதல் தடவை வெளியே வந்த மூன்றாம் மாசமே திரும்பப் போனான், இரண்டாம் தடவை தையல் கற்றுச் சான்றிதழோடு வந்தான், வாசலில் மிஷின் போட்டாயிற்று, கடலூர் முதுநகர் தெருப் பெண்கள் தலையணை உறை தருகிறார்கள், பிள்ளைகளின் கிழிந்த டவுசர் தருகிறார்கள், அளவு ஜாக்கெட் மட்டும் யாரும் தருவதில்லை, உடம்புல போட்டதைப் போயி ஜெயிலுக்குப் போனவன் கையில குடுப்பாங்களா என்று எதிர்வீட்டு ஜெயராணி அக்கா அவன் காதுபடவே...

“உன் நிச்சயத்துக்கு நான் தச்சதைப் போட்டுக்கம்மா, அதைப் பாத்தா நாலு பேரு தானா குடுப்பாங்க, இல்லன்னா இந்த மிஷினை வச்சிக்கினு நான் இன்னா பண்றது?” அப்புறம் தரேண்ணா, அப்புறம் தரேண்ணா, ஒரு மாசம் ஓடிவிட்டது. அண்ணனோடு சேர்ந்து கடத்திய அருண்பாண்டியன் பைக்கை நிறுத்தி, “இன்னா மச்சான், ஊசில நூல் கோத்தே கெழவனாயிடுவ போல, வா, ஒரே ஒரு ட்ரிப்பு” என்பான், அண்ணன் சிரித்தே அனுப்பினான், மூன்று தடவையும். மாப்பிள்ளை வீட்டார் யார் தைத்தது என்று கேட்டால்... அதனால்தான், வேறொன்றுமில்லை, முதுநகரில் யாரிடம் கொடுத்தாலும் உங்கண்ணனே தைக்கிறாரே என்பார்கள், அதனால்தான் சிதம்பரம் வரைக்கும் போய்த் தைத்து வாங்கி...

வீட்டில் எப்போதும்போல அண்ணனே எழுந்து வந்து பையை வாங்கினான், விடுண்ணா நானே வச்சிக்கிறேன் என்பதற்குள் பார்த்துவிட்டான். கத்தியிருந்தால் பரவாயில்லை. ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி, கைக்குழித் தையலில் மெதுவாக விரலை ஓட்டினான், நன்றாக இருக்கிறது என்பதுபோலத் தலையை ஆட்டினான், தொங்கிய நூல் ஒன்றைப் பல்லால் கடித்து எடுத்தான், அப்போது மலர்க்கொடிக்குத் தோள் கூசியது, தானாக, அவள் நினைக்காமலேயே... இவன் என் அண்ணன், ஏன் கூசுகிறது? அப்படியானால் காரணம் மாப்பிள்ளை வீடு இல்லையா, ஜெயராணி அக்கா மாதிரி நானுமா, முதலிலிருந்தே நானுமா? ஜாக்கெட்டை நான்காக மடித்து அவளிடம் கொடுத்தான். மணி நான்குகூட ஆகவில்லை, மிஷின்மேல் துணியை இழுத்து மூடினான். அண்ணா, டீ போடட்டுமா... சட்டையை மாட்டிக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போனான்.